மணி அடிக்காத நாட்கள்

நண்பர்களே, உங்களில் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வைத்தியர் நடக்கச் சொல்லியும் இன்னும் நடையைத் தொடங்காதவர்கள் கேட்டீர்கள். ஓய்வு பெற்றதும் எழுதப்போவதாகச் சொன்ன நூலின் முதற்பக்கத்தை இன்றுவரை எழுதாதவர்கள் கேட்டீர்கள். அலுமாரியின் மேல் கிடக்கும் வயலினை ஆண்டுக்கொரு முறை துடைத்து மீண்டும் அதே இடத்தில் வைக்கிற நண்பரும் கேட்டார். "நீர் மட்டும் எப்படி ஐசே ஒவ்வொரு நாளும் விடிய முன்னம் எழும்பி மேசையிலை குந்துறீர்? எங்களுக்கும் அந்த மருந்தைத் தாரும்."

"பழக்கம்" என்று மட்டும் சொல்லிச் சிரித்துத் தப்பிவந்தேன். அது பொய்யன்று. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே, யாரால், என்ன விலைக்கு என்னுள் வைக்கப்பட்டது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அது அவர் சொல்லவேண்டிய கதை என்று விட்டுவைத்திருந்தேன். இவ்வருடம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டோம். இனி அதைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

எங்கள் வீடு மன்னாருக்குத் தெற்கே முள்ளிக்குளத்தில், கடலுக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் நடுவே இருந்தது. எங்கள் தகப்பனாரான ஐயா நான் நினைவறியுமுன் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கருவாடு காயவைத்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் ஐயாவின் வள்ளத்தை ஓட்டினார். வீட்டில் எல்லாவற்றிலும் உப்பு இருந்தது. பாயில், சட்டையில், மழைக்காலத்தில் பாடப்புத்தகத்தின் தாள்களில்கூட. வலைக்குச் சாயம் போடுவதற்காக அம்மா மரப்பட்டை அவிக்கும் நாட்களில் அந்தத் துவர்ப்பு மணம் சோற்றிலும் ஏறும். இன்றைக்கும் கடுஞ்சாயத் தேநீரைக் குடிக்கும்போது என் மூக்கு ஒரு கணம் அந்த முற்றத்துக்குப் போய்விடுகிறது. அதை அழைத்துவர எனக்குச் சற்று நேரமாகிறது.

நான் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. இதை இங்கே சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் பின்னேரம் பாடசாலைச் சட்டம்பியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் ஆசிரியரை அப்படித்தான் சொல்வோம். பக்கத்து வளவிலிருந்து ஓடிப்போய் ஒரு கதிரை வாங்கிவந்து அவரை இருத்தினார்கள். நான் காயப்போட்டிருந்த வலைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவனுக்கு மண்டை இருக்கு," என்றார் சட்டம்பியார். "இஞ்சை வைச்சிருந்தால் இவனும் வள்ளம்தான் தள்ளுவான். யாழ்ப்பாணத்திலை விடுதியிலை விடுங்கோ. சோதினை ஒண்டு வைக்கிறாங்கள். அதிலை எடுபட்டால் சாப்பாடும் படிப்பும் இலவசம்."

"விடுதியோ?" என்றார் அம்மா. "எப்ப வீட்டை விடுவினம்?"

"நத்தாருக்கு, மார்கழியிலை விடுவினம். பிறகென்ன?"

மறுநாள் முதல் நான் பாடம் எழுதுவதை நிறுத்தினேன்.

நிறுத்தினேன் என்பதுகூடச் சரியல்ல. நிறுத்தவும் ஒரு துணிவு வேண்டும். தள்ளிப்போட்டேன். கொப்பியைத் திறப்பேன். பென்சிலைத் தீட்டுவேன். தீட்டிய பென்சிலை இன்னும் சற்றுக் கூராக்குவேன். பிறகு கடற்கரைக்குப் போய்விடுவேன். "ஏன்ரா எழுதேல்லை?" என்று சட்டம்பியார் கேட்டால், "நாளைக்கு எழுதுறன், சேர்" என்பேன். மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. அவர் எனக்கு 'நாளைக்காரன்' என்று பெயர் வைத்தார். பக்கத்து வளவுப் பெடியன், என் உயிர்க்கூட்டாளி, அந்தப் பெயரைக் கரை முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தான். வள்ளம் தள்ளுகிற பெரியவர்கள்கூட, "என்னடா நாளைக்காரன், இண்டைக்கு எந்த நாள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

எல்லோரும் அதைச் சோம்பல் என்றார்கள். அம்மா அதற்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். ஒருவராவது, இந்தப் பிள்ளை எதைத் தள்ளிவைக்கிறான் என்று கேட்கவில்லை. நண்பர்களே, ஒருவன் ஒரு வேலையைத் தொடங்காமல் இருக்கும்போது அந்த வேலையின் மறுகரையில் என்ன நிற்கிறது என்று ஒருமுறை எட்டிப்பாருங்கள். என் பாடக்கொப்பியின் மறுகரையில் விடுதி நின்றது. படித்தால் போகவேண்டும், படிக்காவிட்டால் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே மறுப்பு அதுதான். வாயால் மறுக்க எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வழக்கமில்லை.

நான் விரும்பியது வேறொன்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை எங்கள் ஊர் வள்ளங்கள் வடக்கே புறப்படும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அதனால் மன்னார்த் தீவின் வடகரையில், கீரி என்ற ஊர்ப் பக்கமாக, ஓலைக் குடில்கள் போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அந்தத் தங்குமிடத்தை வாடி என்போம். அங்கே போகத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான பாலத்தின் கீழால் வள்ளம் நுழையவேண்டும். அப்போது பாய்மரத்தைச் சாய்ப்பார்கள். எல்லோரும் குனிவார்களாம். பாலத்தின் அடிவயிற்றில் கத்தினால் குரல் திரும்பி வருமாம். ஓரளவு வளர்ந்த பெடியன்களை முதன்முதல் வாடிக்குக் கூட்டிப்போவார்கள். வள்ளத்துக்குள் வரும் தண்ணீரை இறைப்பது அவர்கள் வேலை. அந்த வருடம் நானும் என் கூட்டாளியும் அந்த வயதில் இருந்தோம். யார் முதலில் போவது என்று இருவருக்கும் இடையில் ஒரு பேச்சற்ற போட்டி.

விபூதிப் புதன் வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த அன்றைக்கு, ஒவ்வொரு வீட்டிலும் சுரூபத்தின் முன்னால் எல்லோரும் முழந்தாளிட்டு, உயிர்த்த ஞாயிறோடு தபசுகாலம் முடியும்வரை தாங்கள் எதை விடப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் மாற்றமுடியாது. வீடே சாட்சி. அம்மா பனங்கட்டியை விடுவதாகச் சொன்னார். வெறும் தேத்தண்ணிதான் இனி. அண்ணன் சுருட்டை விடுவதாகச் சொன்னார். என் முறை வந்தது.

"சொல்லு தம்பி," என்றார் அம்மா.

"நாளைக்குச் சொல்லுறன்."

அம்மாவின் கை ஓங்கியது. அண்ணன் அதைப் பிடித்து இறக்கினார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"டேய், உண்மையைச் சொல்லு. விடுதிக்குப் போகப் பயமோ?"

அந்த ஊரில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர். நான் சொல்வதை நீங்கள் கவனிக்கவேண்டும்: அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததைக் கொண்டு என்ன செய்தார் என்பதுதான் மீதிக் கதை.

"ஓம்," என்றேன்.

"உன்னை ஆர் அனுப்பப்போறது? சட்டம்பியாற்றை வாய்க்கு ஒருக்கா அந்தச் சோதினையை எழுதிவிடு. எடுபட்டாலும் போகத் தேவையில்லை. நீ என்னோடை வாடிக்கு வா."

"மெய்யாவோ அண்ணை?"

"மெய்யா. ஆனா நாளைக்காரனை நான் வள்ளத்திலை ஏத்தமாட்டன். வள்ளம் நாளைக்கு எண்டு நிக்காது. விடியக் கோயிலிலை திரிகால மணி அடிக்கேக்கை எழும்பிப் படிக்கவேணும், உயிர்த்த ஞாயிறு மட்டும். ஒரு நாளும் விடக்கூடாது. அதுதான் உன்ரை தபசு."

நான் உள்ளே போய் முழந்தாளிட்டு, "விடியக் கிடக்கிறதை விடுறன்" என்றேன். நான் கேளாமலே அண்ணன் எழுந்து, சுவரிலிருந்த, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் மேல் வலக்கையை வைத்தார். "இவன் இதைச் செய்தால் நான் இவனை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போவன்." அம்மா அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அந்தப் பார்வையைப் படிக்கத் தெரியும்.

நான் பின்னாளில் எத்தனையோ நூல்களில், மனிதர் பழக்கங்களை எப்படி மாற்றிக்கொள்வது என்று படித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என் அண்ணன் அந்தக் கிணற்றடியில் செய்ததைவிட மேலான ஒன்றை அவற்றில் நான் காணவில்லை. முதற்கிழமை என்னைப் புத்தகத்தைத் தொடவே விடவில்லை.

"எழும்பி இரு. அது போதும்."

"படிக்கிறேல்லையோ?"

"படிக்காதை. தொட்டியெண்டால் அடிப்பன். சும்மா இரு."

மணி அடிக்கும். எழுந்து, கிணற்றில் முகம் கழுவி, குப்பிவிளக்கைக் கொளுத்தி, மீன்பெட்டிப் பலகையில் செய்த மேசையின் முன்னால் சும்மா இருப்பேன். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும். வெளியே மணியடிக்கும் கோயிற் சங்கிலித்தாம் கயிற்றை விட்டுவிட்டு இருமிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். சும்மா இருப்பது எத்தனை கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. சில நாள் சென்றதும், "அண்ணை, ஒரு பக்கம் வாசிக்கட்டே?" என்று நானே கெஞ்சினேன். "ஒண்டுதான்," என்றார். ஒரு பக்கம் இரண்டாயிற்று. பிறகு அவர் எண்ணிக்கை சொல்வதை விட்டுவிட்டார்.

அவரும் என்னெதிரே விழித்திருப்பார். சுருட்டு இல்லாத வாய்க்குள் ஒரு ஈர்க்கைப் போட்டுக் கடித்துக்கொண்டு வலையின் கிழிசலைப் பொத்துவார். எனக்கு நித்திரை தூக்கினால் ஈர்க்கால் ஒரு குத்து. அவருக்குச் சுருட்டு நினைவு வந்து கை தன்பாட்டில் மடியைத் தடவினால் நான் தொண்டையைச் செருமுவேன். இருவரும் சிரிப்போம். அம்மா கொண்டுவந்து வைக்கும் வெறுந்தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும். நண்பர்களே, என் வாழ்வில் நான் மிக மகிழ்ச்சியாக இருந்த மணித்தியாலங்கள் எவையென்று யாரும் கேட்டால், அவை அந்தக் குப்பிவிளக்கின் முன்னால் கழிந்தவை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் என் முறைப்பாடு பொய்யாகிவிடும்.

தபசின் நடுப்பகுதியில் அண்ணன் ஒரு பனங்குருத்தோலையை வெட்டிவந்து, எனக்கு அளவான சின்னப் பட்டை ஒன்று கோலினார். தண்ணீர் இறைக்கிற பட்டை. பெரியவர்களுடையதில் பாதிதான் இருக்கும். பிடிக்கு நைலோன் கயிறு சுற்றி, அதன் நுனியை நெருப்பில் வாட்டி ஒட்டினார். கதவோரத்து ஆணியில், நான் படிக்கும் இடத்திலிருந்து தெரியும்படி தொங்கவிட்டார். ஓலை பச்சையிலிருந்து மஞ்சளாகி வெளுப்பதை ஒவ்வொரு விடியலிலும் பார்த்துக்கொண்டே படித்தேன். இளநுங்கின் தோலைப் போன்ற ஒரு மணம் அதிலிருந்து வரும்.

என் கூட்டாளி வந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"இது என்னடா, கோழிக்குத் தண்ணி வைக்கிறதோ?"

"வாடிக்குப் போறன். உன்ரை ஐயாட்டைக் கேட்டு நீயும் ஒண்டு கோலுவி."

"நாளைக்காரன் வாடிக்கு! வள்ளம் போய் மூண்டாம் நாள் கரைக்கு வருவாய்."

மன்னார்ப் பட்டினத்தில் சோதனை நடந்தது. எழுதினேன். வினாக்கள் எளிதாக இருந்தன. நன்றாக எழுதக்கூடாது என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. போகத் தேவையில்லை என்று சுரூபத்தின் மேல் கைவைத்தவர் சொல்லியிருந்தாரே. குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் சட்டம்பியார் அம்மாவின் காதருகே ஏதோ சொன்னார். அம்மா கையிலிருந்த குருத்தோலையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வந்து என் தலைமயிரைக் கலைத்துவிட்டார். எடுபட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கிற்று. அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. பட்டையின் கயிறு உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழனன்று பின்னேரப் பூசையில், 'உன்னதங்களிலே' பாடும்போது எல்லா மணிகளும் ஒருமுறை அடித்து ஓயும். அதன்பின் பெரிய சனி இரவு ஆண்டவர் உயிர்க்கும்வரை எங்கள் கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள். சங்கிலித்தாம் ஒரு மரத்தட்டியைத் தட்டிக்கொண்டு தெருவால் போவார். காய்ந்த எலும்புகள் உரசுவது போன்ற சத்தம். அதுவும் வழிபாட்டு நேரங்களில் மட்டும். விடியற்காலையில் எதுவும் இல்லை.

அன்றிரவு அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, மணி இல்லாத நாளிலை நீ எழும்பத் தேவையில்லை. கனக்கப் பாடுபட்டுப்போட்டாய். நல்லா நித்திரை கொள்."

"தபசு முடியேல்லையே அண்ணை?"

"மணி அடிச்சால் எழும்புறதெண்டுதானே சொன்னனி? மணி அடிக்காட்டில் குற்றமில்லை. திங்கட்கிழமை வள்ளத்துக்கு நான் எழுப்புவன்."

எத்தனை கனிவான குரல் அது. இத்தனை நாள் ஈர்க்கால் குத்தி எழுப்பியவர் போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டார்.

பெரிய வெள்ளியன்று மணி இல்லாமலே எனக்கு விழிப்பு வந்தது. அடிக்காத மணிக்காகக் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கே வியப்பாக இருந்தது. கயிற்றை இழுப்பவர் இப்போது என் உள்ளே எங்கோ இருந்தார். இதை அண்ணனிடம் சொன்னால் மகிழ்வார் என்று எண்ணினேன். அன்று அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய வெள்ளியில் யார்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை சொல்லலாம், வள்ளத்தில்.

பெரிய சனி. மறுபடி அதே நேரத்தில் விழிப்பு. அண்ணனின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விளக்கைக் கொளுத்தினேன். ஆணியில் பட்டை இல்லை.

கரைக்கு ஓடினேன். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெரிய சனியன்று எவனும் கடலில் இறங்கமாட்டான். கரை முழுவதும் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் வள்ளம் இருந்த இடத்தில் மணலில் அது இழுபட்ட தடம் மட்டும் இருந்தது. தடத்தின் முடிவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், வள்ளம் வடக்கே முகம் திருப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் பின்னணியத்தில் சுக்கானைப் பிடித்தபடி கரையைப் பார்க்க இருந்தார். நடுவில் என் கூட்டாளி. அவன் கையில் அந்தச் சின்னப் பட்டை. வெளுத்த ஓலை அந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெரிந்தது.

நான் கத்தவில்லை. பெரிய சனி என்பதாலா, வேறெதனாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய் விரிந்து காற்றைப் பிடித்தது. அவர் என்னைக் காணவில்லை என்று எண்ணினேன். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. நான் கவிழ்ந்த வள்ளமொன்றின் அருகே நின்றேன். காணவில்லை என்றே அடுத்த அறுபது வருடம் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் அவரோடு தொடர்ந்து பேச எனக்கு இடம் தந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றார். நான் எங்கே போய்வந்தேன் என்று கேட்கவில்லை.

"அண்ணை எங்கையம்மா?"

"வாடிக்கு இடம் பிடிக்க முன்னுக்குப் போட்டார் ராசா. திங்கட்கிழமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுப்பில் நெருப்பு இருக்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளை வேட்டியோடு சட்டம்பியார் வந்தார். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு றங்குப்பெட்டி வெளியே வந்தது. அதற்குள் என் சட்டைகள் ஏற்கெனவே மடித்து அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டுப் பனங்கட்டி, கடதாசியில் சுற்றி. அம்மா தபசில் தொடாமல் வைத்திருந்தது. "வெளிக்கிடு தம்பி," என்றார் சட்டம்பியார், "நாளைக்கு எண்டு சொல்லாமல்." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

முருங்கன் வரைக்கும் பேருந்து. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள் யன்னலுக்கு வெளியே வந்துகொண்டேயிருந்தன. அத்தனை பச்சையை நான் அதற்குமுன் கண்டதில்லை. முருங்கனில் புகைவண்டி ஏறினோம். பனங்கட்டியை நான் தின்னவில்லை. விடுதியில் அது எறும்பு மொய்த்துக் கரைந்து போயிற்று.

விடுதியில் முதல் விடியற்காலை. மணி அடிக்குமுன் விழித்துக்கொண்டேன். எழுந்து புத்தகத்தைத் திறந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளர் கண்டு, "இப்படி ஒரு பிள்ளையை நான் காணேல்லை" என்றார். பரிசுகள் வந்தன. பிறகு பல்கலைக்கழகம், பிறகு வெளிநாடு, பிறகு நீங்கள் அறிந்த எல்லாம்.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊக்கம் போய்விடும்; பழக்கம் நிலைத்துவிடும். ஊக்கமாக நமக்குக் காட்டப்பட்டது பொய்யென்று தெரிந்த பின்னும் பழக்கம் நிலைக்கும். அது யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் என் உடல் அந்த நேரத்தில் எழுந்து, ஆணியில் பட்டை இருக்கிறதா என்று பார்க்கிறது. அதைத்தான் நீங்கள் ஒழுக்கம் என்று பாராட்டுகிறீர்கள்.

இது என் நன்மைக்கல்லவா என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். அம்மாவும் சாகும்வரை அதைத்தான் சொன்னார். நன்மைதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. போ என்று சொல்லியிருந்தால் அழுது, அடிபட்டு, போயிருப்பேன், போனவனாக இருந்திருப்பேன். அவர்கள் என்னையே கொண்டு என்னை அனுப்பினார்கள். நான் ஊரில் இருப்பதற்காக உழைத்தேன். அந்த உழைப்பே என்னை அனுப்பும் கூலியாயிற்று. அந்த வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. பிள்ளைக்கு அது தெரியாது என்று நினைத்தார்கள்.

அண்ணனிடம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டேன். முதல் நத்தார் விடுமுறையில் கேட்டபோது, "இப்ப வந்தனீ, முதல்லை சாப்பிடு" என்றார். அவர் கலியாணத்துக்கு வந்தபோது கேட்டேன். "மாப்பிள்ளையிட்டைக் கேக்கிற கேள்வியே இது? பிறகு கதைப்பம்." யுத்தத்தில் ஊர் கலைந்து, அவர் குடும்பத்தோடு அகதி முகாமில் இருந்தபோது பார்க்கப் போனேன், அங்கே நான் கேட்கவில்லை. கடைசியில் அவர் கீரியில் குடியேறினார். எந்தக் கரைக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னாரோ அதே கரையில். அங்கே பலமுறை போயிருக்கிறேன், பேருந்தில், பாலத்தின் மேலால். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, நண்டுக் கறியோடு சோறு தருவார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்துபோய்ச் சுருட்டுப் பற்றவைப்பார். "ஆறுதலாக் கதைப்பம். நீ அடுத்தமுறை நாலு நாள் நிக்கிறமாதிரி வாவன்."

என்னை நாளைக்காரன் என்ற பெயரிலிருந்து மீட்டவர், இந்த ஒன்றை மட்டும் வாழ்நாள் முழுதும் நாளைக்குத் தள்ளினார். சுருட்டையும் அப்படித்தான். ஒவ்வொரு தபசிலும் விடுவார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே மீண்டும் பற்றவைப்பார். இறுதியில் அவர் நெஞ்சை அதுவே தின்றது.

இவ்வருடத் தபசில் தொலைபேசியில் அழைத்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"உயிர்த்த ஞாயிறுக்கு வாறியோ?"

"வாறன் அண்ணை."

"வா. உனக்கு ஒண்டு சொல்ல இருக்கு."

"இப்ப சொல்லுங்கோவன்."

"போனிலை சொல்லுற கதையில்லையடா. பெருநாள் முடியட்டும். அவசரமில்லை."

பெரிய வெள்ளிக் காலையில் அவர் போய்விட்டார். நான் அன்று பின்னேரமே கீரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டி நடு அறையில் இருந்தது. தபசு முடியாததால் அவர் மடியில் சுருட்டு இல்லை என்று அண்ணனின் மருமகள் சொல்லி அழுதாள். அடக்கம் மறுநாள் என்று முடிவாயிற்று. பூசை இருக்காது, மணியும் இருக்காது, செபம் மட்டும்தான் என்று கோயிலில் சொன்னார்கள்.

பெரிய சனி விடியமுன் வழக்கம்போல் விழித்தேன். கரைக்கு நடந்தேன். தெருவில் படுத்திருந்த கழுதைகள் வழிவிடவில்லை, சுற்றிப்போனேன். அங்கே கவிழ்ந்த படகொன்றின்மேல் ஒருவர் குந்தியிருந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அடக்கத்துக்கு வந்திருந்த என் பழைய கூட்டாளி.

"நீ இந்த நேரத்துக்கு வருவாயெண்டு தெரியும்," என்றான். "நாளைக்காரன் எண்டு பேர் வைச்ச சட்டம்பியார் இப்ப இருக்கவேணும்."

நானும் படகில் ஏறிக் குந்தினேன். பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், ஒண்டு கேப்பன், கோவிக்காதை. அண்டைக்குக் கரையிலை நிண்டது நீதானே?"

நான் அவனைப் பார்த்தேன். "ஓம்."

"நான் கண்டனான். கொண்ணனிட்டைச் சொன்னனான், 'அண்ணை, அங்கை நாளைக்காரன் நிக்கிறான்' எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"'தெரியும்' எண்டார். 'நீ திரும்பிப் பாராதை, தண்ணியை இறை' எண்டார்."

கடல் சத்தமில்லாமல் இருந்தது.

"வள்ளத்துக்கை தண்ணி இல்லை மச்சான். அப்பதானே இறக்கினது. வெறும் வள்ளத்தைத்தான் இறைச்சுக்கொண்டு போனன், உன்ரை பட்டையாலை. பாலம் வரைக்கும் நிப்பாட்டெண்டு அவர் சொல்லேல்லை."

"அழுதவரோ?" என்று கேட்டேன்.

அவன் நெடுநேரம் யோசித்தான். எனக்காக ஒரு பொய்யைத் தேடினான் என்று நினைக்கிறேன். எங்களிருவருக்கும் வயதாகிவிட்டது, அவன் தேடுவதை விட்டுவிட்டான்.

"இல்லை. பாயை இறுக்கிக் கட்டினவர்."

பின்னேரம் மரத்தட்டிச் சத்தத்தின் பின்னால் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாம் முறையும் மணி அடிக்காத நாளில் அவர் புறப்பட்டார்; இம்முறையும் நான் விழித்திருந்தேன். ஒரு பிடி மண் போட்டேன். அவர் சொல்லவிருந்தது எதுவென்று இனி எவருக்கும் தெரியாது. நான் கரையில் நின்றதை அவர் கண்டார் என்பதாக இருக்கலாம். நண்டு அனுப்பிவைப்பதைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

அன்றிரவு ஆண்டவர் உயிர்த்தார். மணிகளெல்லாம் அடித்தன. மருமகள், "மாமா, பூசைக்கு வாறியளோ?" என்று கேட்டாள். நான் கதிரையிலேயே இருந்தேன்.

திங்கட்கிழமை முதற் பேருந்தில் புறப்பட்டேன். பாலத்தில் ஏறியபோது வெயில் வந்துவிட்டது. முன் இருக்கையிலிருந்த சின்னப்பிள்ளையொன்று யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா, கீழாலை ஒரு வள்ளம் போகுது!" என்று கூவியது. பேருந்திலிருந்த எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.